டிஃபென்ஸ் டெஸ்ட் இன்ஜினியர் வேலை: பல வருட அனுபவமும் அந்தப் பாழாய்ப்போன கேபிளும்

பெங்களூரில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கும் கல்லூரித் தம்பி ஒருவன், "அண்ணா, அசிஸ்டென்ட் டீம் லீடர் போஸ்ட் தருகிறார்கள், எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. நானும் அதே ஊரில், பாதுகாப்புத் துறைக்கு எலக்ட்ரானிக்ஸ் யூனிட் செய்து கொடுக்கும் இடத்தில் பல வருடமாக இருக்கிறேன். அவனுக்கு வந்திருக்கும் பதவியில்தான் இப்போது இருக்கிறேன். மார்ச் டெலிவரி நெருக்கடி இப்போதுதான் முடிந்தது. அந்தச் சூடு இதில் கொஞ்சம் இருக்கும்.

சம்பளம், கேட்டில் போனை ஒப்படைப்பது, எந்த யூனிட் என்று வீட்டில்கூடச் சொல்ல முடியாதது எல்லாம் அவனுக்கே தெரியும். விடுகிறேன்.

வேலை நல்ல வேலை. ஒரு யூனிட்டை மைனஸ் 40 டிகிரியில் டெஸ்ட் சேம்பருக்குள் (வெப்பநிலையை ஏற்றி இறக்கும் பெட்டி) ஊற வைத்துவிட்டு, 28 வோல்ட் சப்ளையைப் போட்டால் எழவே மாட்டேன் என்கிறது. சில நிமிடம் சப்ளையை அப்படியே விட்டால் தானாக எழுந்து, எதுவும் நடக்காத மாதிரி ஓடுகிறது. அறை வெப்பத்தில் எத்தனை முறை பார்த்தாலும் பாஸ். ராத்திரி ஷிஃப்டில் சேம்பர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பவர் சப்ளை கார்டின் அலைவடிவத்தை ஸ்கோப்பில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. குளிரில் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் உள் மின்தடை எக்கச்சக்கமாக ஏறிவிடும். ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) அதிகமாகி, கன்வெர்ட்டரின் பாதுகாப்புச் சுற்று அதைத் திரும்பத் திரும்ப அணைத்துக்கொண்டிருந்தது. கெபாசிட்டர் கொஞ்சம் சூடானதும் சரியாகிவிடுகிறது. இந்தக் கோளாறு மலை உச்சியில் ஒரு ஜவான் கையில் தெரிய வந்திருக்கும். எங்கள் சேம்பரில் தெரிந்தது. அந்த நிம்மதியை வேறு எந்த வேலையும் எனக்குத் தந்திருக்காது.

யூனிட்டை டேபிளில் வைத்து அதிர வைக்கும் வைப்ரேஷன் டெஸ்டும் அப்படித்தான். 1979இல் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட நாவ்மேட் பி-9492 கையேட்டின் அளவு இன்றும் பல இடங்களில் ஸ்கிரீனிங்குக்கு ஓடுகிறது: 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை, சுமார் 6 ஜி ஆர்எம்எஸ் (அதிர்வின் வலிமையைச் சொல்லும் அளவு). டிசைன் சரியா என்று பார்ப்பது அதன் நோக்கமில்லை. சரியாக வைக்காத சால்டர், இறுக்காத ஸ்க்ரூ, இவற்றை நம் வாசலைத் தாண்டுவதற்குள் உதிர வைப்பதுதான்.

இப்போது கேபிளுக்கு வருகிறேன்.

யூனிட்டை டெஸ்ட் ஜிக்கோடு (யூனிட்டைச் சோதிக்கும் அமைப்பு) இணைக்க 38999 என்ற ராணுவத் தர வட்டக் கனெக்டர். அருமையான கனெக்டர், அதில் குறையே சொல்ல மாட்டேன். சீரிஸ் 3 என்றால் ஒரே திருகில் பூட்டிக்கொள்ளும், சிவப்பு வளையம் மறைந்தால் முழுசாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதன் ஆயுள் 500 முறை மாட்டிக் கழற்றும் அளவுக்குத்தான் உறுதி. ஒரு யூனிட்டை சேம்பருக்கு முன், பின், வைப்ரேஷனுக்கு முன், பின் என்று மாட்டிக் கழற்றுகிறோம். யூனிட் பக்கத்துக் கனெக்டருக்கு இது ஒன்றுமேயில்லை. ஆனால் ஜிக்கின் கேபிள் வருகிற எல்லா யூனிட்டையும் தாங்க வேண்டும். தேய்வது அதுதான். மீட்டருக்கும் ஸ்கோப்புக்கும் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி தாண்டினால் தொடவே விடமாட்டார்கள். கேபிளை எத்தனை முறை மாட்டினோம் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுக்கூடக் கிடையாது.

128 பின் (ஊசி) உள்ள கனெக்டரில் ஒரே ஒரு பின் அதன் கிளிப்பில் பூட்டாமல் லேசாக உள்ளே தள்ளியிருந்தால் போதும். மேஜையில் கன்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்தால் மீட்டர் பீப் என்று கத்தும். வைப்ரேஷன் டேபிளில் ஏற்றினால் கண நேரம் 1553 பஸ்ஸில் (யூனிட்டுகள் தகவல் பரிமாறும் ராணுவத் தர இணைப்பு) பதில் வராது. அவ்வளவுதான், ஏடிபியில் (யூனிட்டை ஏற்கலாமா என்று பார்க்கும் டெஸ்ட் நடைமுறை) ஃபெயில். விமானத் தளவாடம் என்றால் டிஜிஏக்யூஏ (ராணுவ விமானத் தளவாடங்களின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு) பிரதிநிதியும் பக்கத்திலேயே நிற்கிறார். டெஸ்ட் நிற்கும், ஃபெயிலியர் ரிப்போர்ட் திறக்கும். யூனிட்டில் தப்பில்லை, கேபிளில்தான் தப்பு என்பதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். லென்ஸ் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்து, போட்டோ எடுத்து, கேபிளை மாற்றி, அந்த டெஸ்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

கனெக்டர் சேவர் என்று ஒரு சின்ன இடைத்துண்டு இருக்கிறது. கேபிளுக்கும் யூனிட்டுக்கும் நடுவில் போட்டால் தேய்வதெல்லாம் அதுதான், தேய்ந்ததும் கழற்றி எறியலாம். "இது ப்ராஜெக்ட் பட்ஜெட்டில் வராது, கன்ஸ்யூமபிள்" என்று ஃபைல் திரும்பி வருகிறது. கேபிள் போன பிறகு புதுக் கனெக்டர் ஆர்டர் போட்டால் வர மாதக்கணக்கில் ஆகிறது. எனக்குத் தாங்கவே முடியாதது இதுதான்.

டெஸ்ட் இன்ஜினியராக இருந்தவரை இது எரிச்சல் மட்டும். அசிஸ்டென்ட் டீம் லீடரான பிறகு அந்தக் காகிதம் முழுக்க என் தலையில். டீம் லீடர் மீட்டிங்கில் இருப்பார். பெஞ்சிலும் நான், பதில் சொல்வதும் நான். ஆனால் வாங்குவதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை, "இந்தக் கேபிளோடு டெஸ்ட் ஓடாது" என்று நிறுத்தும் அதிகாரமும் இல்லை. நியாயமாகச் சொன்னால் டீம் லீடர் நல்ல மனிதர், என் பேச்சைக் கேட்பவர். அவருக்கும் மேலே இதே சுவர்தான். டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடிகிறது, அது மட்டும் இந்தப் பதவியில் முழுச் சந்தோஷம். கனெக்டரைத் திருகுவதற்கு முன்னால் பின்களின் வரிசையை வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் இப்போது எங்கள் லேபில் எல்லோருக்கும் இருக்கிறது.

வேலைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், வேறு வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. ஆனாலும் தம்பி, இந்த வருடம் அந்தப் பதவியை எடுக்காதே. டெஸ்ட் இன்ஜினியராகவே இரு, சேம்பரையும் ஸ்கோப்பையும் விடாதே. கட்டாயப்படுத்தினார்கள் என்றால், சம்பள உயர்வு பேசுவதற்கு முன்னால் இரண்டைக் கேள்: ஜிக் கேபிள் யார் பட்ஜெட்டில் வருகிறது, டெஸ்டை நிறுத்தச் சொல்லும் கையெழுத்து உன்னுடையதா. இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்தால் போய்ச் சேர்.