மாண்ட்கோமரியில் வாக்கிங் டூர்: கைடு பாதி, கால் பாதி

அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு மாண்ட்கோமரி போனோம். அலபாமா மாநிலத்தின் தலைநகர். ஆனால் சனிக்கிழமை காலை ஊருக்குள் நுழைந்தால் தலைநகர் மாதிரியே இல்லை, அகலமான தெருக்கள், ஆளே இல்லை, சிக்னல் மட்டும் யாருக்காகவோ மாறிக்கொண்டிருக்கிறது. கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்ட இடங்களைக் காட்டும் இரண்டு மணி நேர வாக்கிங் டூர் ஒன்றை இணையத்தில் முன்பதிவு செய்திருந்தோம். தலைக்கு 35 டாலர்.

டூரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் இங்கே ஏன் நடக்க வேண்டும் என்று புரியும். கோர்ட் ஸ்கொயர் என்று ஒரு சந்திப்பு, நடுவில் 1885இல் வைத்த நீரூற்று. அடிமைகளை ஏலம் விட்ட இடம் இதுதான். படகிலும் ரயிலிலும் வந்து இறங்கியவர்களைச் சங்கிலியில் பிணைத்து காமர்ஸ் தெரு வழியாக இங்கே நடத்திக்கொண்டு வருவார்களாம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கி வைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலுக்கான தந்தி போனது இதே சந்திப்பில் இருக்கும் விண்டர் கட்டடத்திலிருந்து. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பர் 1 அன்று வேலை முடிந்து வந்து அந்த பஸ் ஏறியதும் இங்கேதான். அங்கிருந்து டெக்ஸ்டர் அவென்யூவில் மேடேறினால் பத்து நிமிடத்தில் சட்டமன்றக் கட்டடம், அதற்கு ஒரு தெரு முன்னால் மார்ட்டின் லூதர் கிங் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்த செங்கல் தேவாலயம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவி ஏற்றது அந்தச் சட்டமன்ற வாசலில். வாக்குரிமை கேட்டு செல்மா ஊரிலிருந்து 54 மைல் நடந்து வந்த ஊர்வலம் 1965 மார்ச் 25 அன்று முடிந்ததும் அதே வாசலில்தான். எல்லாமே ஒரே தெரு, கூப்பிட்டால் கேட்கிற தூரம். காரில் போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள், ஒன்றும் தெரியாது.

சரி, டூர். கைடு அறுபதைத் தாண்டிய உள்ளூர்க்காரர், அருமையான குரல், தெருவில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் நடத்தும் நிறுவனத்தின் மேல்தான். 12 பேர் என்று தளத்தில் போட்டுவிட்டு 22 பேரைச் சேர்த்திருந்தார்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட் கூட இல்லை. பின்னால் நின்றவர்களுக்குப் பாதி கதை காற்றோடு போனது, என் மாமியார் ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதையே விட்டுவிட்டு நீரூற்றுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நேரமாகிவிட்டது என்று கடைசி இரண்டு நிறுத்தங்களை வெட்டி, சட்டமன்றப் படிக்கட்டில் வைத்து நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படி வெட்டியதில் ஒன்று கிங் குடும்பம் குடியிருந்த வீடு. அதைப் பார்க்கத்தான் நாங்கள் வந்ததே.

மறுபடி போவதாக இருந்தால் டெக்ஸ்டர் அவென்யூ நடைக்கு மட்டும் கைடு வைத்துக்கொள்வேன், அதுவும் சின்னக் குழுவாக இருந்தால். மற்றதெல்லாம் நாமே நடக்கலாம். நாங்கள் மறுநாள் அப்படித்தான் செய்தோம்.

ரோசா பார்க்ஸைக் கைது செய்த இடத்தில், பழைய எம்பயர் தியேட்டர் இருந்த மனையில், டிராய் பல்கலைக்கழகம் நடத்தும் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. கோர்ட் ஸ்கொயரிலிருந்து சில நிமிட நடை. நான் குழந்தைகளுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டு போனேன், அப்படி இல்லை. பஸ் மாதிரி ஒன்றை நிறுத்தி அதன் ஜன்னல்களில் அன்று மாலை நடந்ததைப் படமாக ஓட்டுகிறார்கள். (அசல் பஸ் இங்கே இல்லை, மிச்சிகனில் ஹென்ரி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) எனக்குப் பிடித்தது அங்கே நிற்கும் ஸ்டேஷன் வேகன் கார். ரோசாவின் கைதை எதிர்த்து 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் இருந்தார்களே, அத்தனை பேரும் வேலைக்கு எப்படிப் போனார்கள்? பலர் நடந்தார்கள், இன்னும் பலரைத் தேவாலயங்களின் பெயரில் வாங்கிய இந்த மாதிரி கார்கள் சுமந்தன. புறக்கணிப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம், அதற்குப் பின்னால் யார் எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று ஒரு போக்குவரத்துக் கழகத்தையே நடத்தியிருக்கிறார்கள்.

தெற்குப் பக்கம் நடந்தால் பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையம், இப்போது ஃப்ரீடம் ரைட்ஸ் மியூசியம். 1961 மே 20 அன்று, பஸ் பயணத்தில் இனப்பிரிவினையை எதிர்த்துக் கிளம்பி வந்த ஜான் லூயிஸ் உள்ளிட்ட இளைஞர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கும்பல் அடித்து நொறுக்கிய இடம். சின்ன மியூசியம், முக்கால் மணி நேரம் போதும். அதன் பின்னாலேயே மத்திய நீதிமன்றம் நிற்கிறது. பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்று 1956இல் தீர்ப்பு வந்தது அங்கேதான். அந்த வழக்கைப் போட்டவர்களில் ரோசா பார்க்ஸ் இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான்கு பெண்கள் போட்ட வழக்கு. அவர்களில் ஒருவர் கிளாடெட் கால்வின், ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானவர்.

கன்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் சிலையும் மியூசியமும் காமர்ஸ் தெருவில். அந்த இசைப் பிரியர்கள் போகலாம், எனக்கு ஒரு போட்டோ போதுமானதாக இருந்தது. அவருக்குச் சிறுவயதில் கித்தார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் லெகசி மியூசியம், அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடம், சிற்பப் பூங்கா மூன்றுக்கும் சேர்த்து 5 டாலர் சீட்டு. இந்த விலைக்கு இப்படியொன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திங்கள், செவ்வாய் விடுமுறை. மியூசியத்துக்குள் படம் எடுக்கவும் விடமாட்டார்கள். நினைவிடத்தில் 800க்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி), கும்பல்கள் கொன்ற கறுப்பின மக்களின் பெயர்கள் அதில். மொத்தம் 4,400க்கும் மேல். முதலில் தூண்கள் முகத்துக்கு நேராக நிற்கும், நின்று பெயரைப் படிக்கலாம். போகப் போகத் தரை சரிந்து இறங்கிக்கொண்டே இருக்கும், தூண்கள் மேலேயே தங்கிவிடும், ஒரு இடத்தில் அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் வரிசையாகத் தொங்குகின்றன. என் மகன் அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான், அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டான். இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள், அதே நாளில் வேறெதையும் திணிக்காதீர்கள்.

சாப்பாடு: இறைச்சி ஒன்று, காய்கறி மூன்று என்று தட்டு போடும் கடைகள்தான் இந்த ஊரின் அடையாளம். மக்ரோனியையும் காய்கறிக் கணக்கில் சேர்ப்பார்கள், சண்டை போடாதீர்கள். சைவக்காரர்கள் கீரையை வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேக வைப்பார்கள்.

கடைசியாக, டூரில் விட்டுப்போன அந்த கிங் வீடு. தேவாலயத்திலிருந்து ஜாக்சன் தெருவுக்குக் கால் மணி நேர நடை, வெள்ளை நிறத் தாழ்வாரம் வைத்த எளிய வீடு. 1956 ஜனவரி 30 இரவு குண்டு வீசினார்கள், உள்ளே கிங்கின் மனைவி கொரெட்டாவும் பத்து வாரக் குழந்தையும் இருந்தார்கள். தாழ்வாரத்தில் குண்டு விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. உள்ளே அடுக்களை மேசை. 1959இல் கன்னியாகுமரி வரை வந்து போனாரே, அந்த மனிதர் இவ்வளவு சின்ன மேசையிலா உட்கார்ந்து யோசித்தார் என்று இருந்தது. போகும் முன் நேரத்தைப் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே பேட்டையில் டெரிகோட் தெருவில் ஜார்ஜியா கில்மோர் வீடு. டூரில் இவர் பெயரே வரவில்லை. ஓட்டலில் சமையல்காரர், போராட்டத்தில் சேர்ந்ததற்கு வேலை போனது. வீட்டிலேயே சமைக்க ஆரம்பித்தார், கூட இருந்த பெண்களும் கேக்கும் 'பை' என்ற இனிப்புப் பலகாரமும் செய்து விற்றார்கள், அந்தக் காசு புறக்கணிப்பின் கார்களுக்கு பெட்ரோலானது. யார் கொடுத்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று பதில், சங்கத்தின் பெயரே 'எங்கிருந்தும் வராத கிளப்'. கிங் இவர் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போவாராம். வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை, அவ்வளவுதான். நாங்கள் நின்ற பத்து நிமிடத்தில் வேறு யாரும் வரவில்லை.