ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு: எல்லாம் நல்லதுதான், அந்த ஸ்டேல் பாட் இல்லாவிட்டால்

"ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க ஆரம்பிக்கலாமா? வேலை தேடும்போது உதவும் என்கிறார்களே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் புல் ரிக்வெஸ்ட் ஒன்றை, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு மென்பொருளில் சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய திருத்தத்தை, ஸ்டேல் பாட் (அசைவில்லாமல் கிடப்பதைத் தானாக மூடும் நிரல்) மூடியிருந்தது.

திருத்தம் அனுப்பும் கருவிகளின் விவரங்களுக்குள் போகவில்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பல புராஜெக்டுகள் இந்த பாட்டாகப் பயன்படுத்தும் ஸ்டேல் ஆக்‌ஷனை அமைப்பு எதையும் மாற்றாமல் அப்படியே வைத்தால் இதுதான் கணக்கு: 60 நாள் அசைவில்லாமல் கிடந்தால் 'ஸ்டேல்' (பழசாகிவிட்டது) என்று லேபிள் ஒட்டும், இன்னும் 7 நாளில் மூடிவிடும். தாமதம் யார் பக்கம் என்று பார்க்காது. நான் கோடும் (நிரல்), அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் எழுதி, விண்டோஸில் மட்டும் ஃபெயிலான ஒரு டெஸ்ட்டை வரி முடிவுக் குறி வரை துருவிச் சரிசெய்து வைத்துவிட்டேன். இனி பார்க்க வேண்டியவர் மெயின்டெய்னர், அதாவது அந்த மென்பொருளைப் பராமரிப்பவர். அவர் பார்க்கவில்லை. "செயல்பாடு இல்லை" என்ற நோட்டீஸ் மட்டும் எனக்கு வருகிறது! "இன்னும் தேவைதான்" என்று ஒரு வரி போட்டால் லேபிள் போய்விடும், மறுபடி 60 நாள். பென்ஷன்காரர் உயிர்ச்சான்று கொடுப்பது போலத்தான். அதற்குள் வேறு மாற்றங்கள் மெர்ஜ் ஆகி (மூல நிரலில் சேர்ந்து), என் பிராஞ்சில், அதாவது என் தனிப் பிரதியில், அவற்றோடு மோதும் கான்ஃப்ளிக்ட் வந்திருக்கும். ரீபேஸ் செய்தால் (புது நிரலின் மேல் என் திருத்தத்தை மீண்டும் பொருத்தினால்) மறுபடி சிஐ எனும் தானியங்கிச் சோதனை, மறுபடி காத்திருப்பு.

மெயின்டெய்னரைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் 2024-ல் எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி) விவகாரம் வெளிவந்த பிறகு அடக்கிக்கொள்கிறேன். ஏறக்குறைய ஒற்றை ஆளாக, சம்பளமில்லாமல் அதைப் பராமரித்து வந்தவரை, "ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது பொறுப்பைக் கொடுங்கள்" என்ற தொனியில் சில கணக்குகள் நச்சரித்தன. இன்னொரு பக்கம், ஜியா டான் என்ற பெயரில் ஒரு கணக்கு ஒழுங்காக பேட்ச் (திருத்தம்) அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, மெயின்டெய்னராகவே ஆகி, கடைசியில் திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. அந்த நச்சரிப்பைப் படித்தால், நான் பலமுறை டைப் செய்துவிட்டு அழித்த வரிகள் மாதிரியே இருக்கிறது. அதனால் மனிதர்மேல் கோபமில்லை. பாட் மேல் நிறைய இருக்கிறது.

சரி, இத்தனைக்கும் ஏன் விடவில்லை? ரிவியூதான் காரணம், அதாவது நாம் எழுதிய நிரலை மற்றவர்கள் படித்துக் கேள்வி கேட்பது. தேதி, நேரம் கையாளும் ஒரு நிரல் லைப்ரரிக்குச் சின்னத் திருத்தம் அனுப்பினேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் நாளில், சில ஊர்களில் அதிகாலை ஒன்றரை மணி இரண்டு முறை வருமே. இதில் எந்த ஒன்றரை?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காக நேர மண்டலத் தரவுத்தளத்தை உட்கார்ந்து படித்தேன். அலுவலகத்தில் கோடு ரிவியூ என்றால் பெரும்பாலும் கட்டைவிரல் எமோஜியோடு முடிந்துவிடும், யாருக்கும் நேரமில்லை. இங்கே ஒரு வேரியபிள் பெயருக்காக இரண்டு பேர் நாகரிகமாக மல்லுக்கட்டுவார்கள். எனக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இருந்தாலும் நண்பருக்கு நான் சொன்ன பதில், "வேண்டாம்". வேலைக்காக என்றால் நிச்சயமாக வேண்டாம். ரெஸ்யூமேயில் ஒரு வரிக்காக இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாது. கேட்காமல் இறங்கத்தான் போகிறார், தெரியும். அப்படியானால் நிரலைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள் என்றேன். ஒன்று, சமீபத்தில் மெர்ஜ் ஆனவற்றில் வெளியாட்கள் அனுப்பியது ஏதாவது இருக்கிறதா. அப்புறம், வொர்க்ஃப்ளோ ஃபோல்டரில் (புராஜெக்டின் தானியங்கி வேலைகள் இருக்கும் இடம்) ஸ்டேல் என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடக்கிறதா. கிடந்தால் அடுத்த புராஜெக்டைப் பாருங்கள்.