பிளவுஸ் தைப்பவருக்கு மூன்று நூல் ஓவர்லாக் போதும்

கும்பகோணம் பக்கத்தில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். துணி ஓரம் பிரியாமல் நூலால் கட்டும் மூன்று நூல் ஓவர்லாக் மிஷின் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. தினமும் தைப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். நான்கு நூல் மிஷின் பனியன் துணி சேர்ப்பவர்களுக்கு. நாம் எப்படியும் தையல் மிஷினில் நேர்த்தையல் போட்டுவிடுகிறோம். ஓரம் பிசிறு விடாமல் பிடித்தால் சரி.

இதன் அருமை திருபுவனம் பட்டில்தான் தெரியும். முகூர்த்தப் புடவையில் வெட்டிய பிளவுஸ் துணி, கையில் எடுக்கும்போதே ஓரத்தில் இழை இழையாகப் பிரியும். வெறுமனே மடித்துத் தைத்தால் நாலைந்து முறை உடுத்துவதற்குள் சரிகை வெளியே வந்து அக்குளில் குத்தும். ஓவர்லாக் அடித்துக் கொடுத்த பட்டு பிளவுஸ் எதுவும் அந்தக் குறையோடு என்னிடம் திரும்பி வந்ததில்லை.

கவனம் வேண்டியது கத்தியில். இந்த மிஷின் முதலில் ஓரத்தை வெட்டும், பிறகுதான் நூலால் கட்டும். பிள்ளை பெற்றபின் பிரித்துவிடலாம் என்று பிளவுஸின் பக்கத்தில் துணி விட்டு வைப்போமே, அதில் கத்தி பட்டால் போனது போனதுதான். அதனால் முன்பாகம், பின்பாகம் இரண்டையும் தனித்தனியே ஓவர்லாக் அடித்துவிட்டு, அப்புறம்தான் பக்கம் சேர்ப்பேன். கத்தி பிசிறை மட்டும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். குண்டூசி குத்தியிருந்தால் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கத்தி முனை உடைந்து தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

நூல் கோர்ப்பதை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். நிறம் மாற்றும்போது பழைய நூலைக் கோன் பக்கத்தில் வெட்டி, புது நூலை அதோடு முடிச்சுப் போட்டு மெதுவாக இழுத்தால் லூப்பர் (நூலை வளைத்துப் பின்னும் கொக்கி, மேலே ஒன்று, கீழே ஒன்று) வழியாகத் தானே வந்துவிடும். ஊசிக்கண்ணில் மட்டும் முடிச்சு நுழையாது, அதைக் கையால் கோர்க்க வேண்டும். மேல் லூப்பர் நூல் துணிக்கு அடிப்பக்கம் இழுபட்டுப் போனால் அதன் டென்ஷனைச் சற்று இறுக்குங்கள். இரண்டு லூப்பர் நூலும் துணியின் விளிம்பிலேயே சந்திக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஞ்சுத்தூசி எண்ணெயோடு ஊறி லூப்பரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அந்த மாதங்களில் ராத்திரி மிஷினை நிறுத்தியதும் பிரஷ் போட்டுத் துடைத்தே ஆக வேண்டும். ஊசியும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மோட்டார் வாங்கும்போது கொஞ்சம் கூடக் கொடுத்துச் சர்வோவே வாங்குங்கள். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ பெடலை மிதித்தால்தான் ஓடும். சத்தமும் குறைவு, கரண்டும் மிச்சம்.