பைண்ட் ஆஃப் சயின்ஸா, சோப்பாக்ஸ் சயின்ஸா?

பிரிட்டன் யுனிவர்சிட்டில ரிசர்ச் பண்றவங்க அத பொதுமக்கள்கிட்ட கொண்டு போகணும்னா இந்த ரெண்டு சயின்ஸ் பேச்சு நிகழ்ச்சியையும் பாக்கலாம்.

பைண்ட் ஆஃப் சயின்ஸ் 2013ல ஆரம்பிச்சது, மே மாசம் மூணு சாயங்காலம் பப்ல நடக்கும், டிக்கெட் வாங்கிட்டு வந்து கையில கிளாஸோட உக்காந்து கேப்பாங்க. ஸ்லைடு காட்டலாம், கேள்வி கேட்டா நிதானமா பதில் சொல்லலாம், புதுசா பேசறவங்களுக்கு வசதி. ஆனா காசு குடுத்து கேக்க வர்றவங்க ஏற்கனவே சயின்ஸ் புடிச்சவங்களாத்தானே இருப்பாங்க?

சோப்பாக்ஸ் அப்படியே தலைகீழ். 2011ல செய்ரியன் சம்னர், நத்தலி பெட்டொரெல்லினு ரெண்டு விஞ்ஞானிங்க லண்டன்ல ஆரம்பிச்சது, யாரு வேணா நின்னு பேசற ஹைட் பார்க் ஸ்பீக்கர்ஸ் கார்னர் பாணில பொது இடத்துல பெட்டி மேல ஏறி நின்னு பேசணும், ஸ்லைடு கிடையாது, கையில கொண்டு போற பொருள வெச்சு சமாளிக்கணும். கேக்கறது யாருனா ஷாப்பிங் வந்தவங்க, குழந்தைய தள்ளுவண்டில வெச்சு தள்ளிட்டு போறவங்க, போரடிச்சா மூஞ்சிக்கு நேராவே கிளம்பிடுவாங்க, கூட்டம் மாறிட்டே இருக்கறதால சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லணும், அந்த ஊரு மழை வேற. ஆனா சயின்ஸ் பக்கமே வராத ஆளு நின்னு கேக்கறது இங்கதான்.

சோப்பாக்ஸ்ல பெண்களுக்கும் நான்பைனரி (ஆண், பெண்னு ரெண்டுலயும் அடங்காத) ஆளுங்களுக்கும்தான் மேடை, விஞ்ஞானினா ஆம்பளதான்னு இருக்கற நெனப்ப ஒடைக்கறதே நோக்கம். ஸோ ஆம்பள பசங்களா, உங்களுக்கு பப்தான். மத்தவங்க தைரியமா பெட்டி மேல ஏறுங்க, என் ஓட்டு அதுக்குத்தான்.