வரையச் சொல்வதா, கூட நடப்பதா?

சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் பகுதியைத் திட்டமிட இரண்டு வழி உண்டு: வேண்டியதைப் படமாக வரையச் சொல்வது, அல்லது அவர்களோடு பகுதியைச் சுற்றி நடப்பது.

செலவு: வரைய சார்ட்டும் கிரேயானும் போதும். நடக்க அதுகூட வேண்டாம். ஆனால் கூடவே பெரியவர்கள் வேண்டும்.

கிடைப்பது: படத்தில் ஊஞ்சலும் மரமும் வரும், அதுவும் பாடப்புத்தகத்து மரம். நடந்தால் வேறு கதை. லிஃப்ட் நின்றால் குடத்தோடு ஏறும் படி, விளக்கில்லாத திருப்பம், பெண் பிள்ளைகள் சுற்றிப் போகும் மூலை எல்லாம் தெரியும்.

பெற்றோர்: படத்தைச் சுவரில் ஒட்டினால் அம்மாக்கள் தாங்களே வந்து திருத்துவார்கள். மாலை நடைக்கு வருவது கஷ்டம். பலருக்கு அது நகரத்து வேலையிலிருந்து பஸ்ஸில் திரும்பும் நேரம்.

சரி, புதிதாகக் கட்டுவதென்றால் படம். கட்டியதைச் சரிசெய்ய நடைதான். இருட்டிய பிறகும் ஒருமுறை.