தத்துவ வரலாறு: வரிசையாகப் படிப்பதா, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதா?

நைட் ஷிப்டில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ரிட்டையராக ஆறு மாதம் இருந்த சீனியர் ஒருவர் கேட்டார்: "செத்ததுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லன்னு எத வச்சுப்பா சொல்ற?" எனக்குப் பதில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து கூட்டங்களில் கேட்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ஆரம்பித்த படிப்புக்கு இப்போது நாலு வருடம். வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலியில், படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். தத்துவத்துக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது. இரண்டு வழிகளில் முயன்றேன். ஒன்று கைவிட்டுப் போனது, மற்றது நிலைத்துவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

முதல் வழி எல்லோரும் சொல்வதுதான்: வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. சென்ட்ரல் பின்பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1945இல் வெளியிட்ட மேற்கத்தியத் தத்துவ வரலாறு கிடைத்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல். தேலீஸ், அனாக்ஸிமாண்டர், பித்தாகரஸ், ஹெராக்ளிட்டஸ், பார்மெனிடிஸ் என்று பழைய கிரேக்கச் சிந்தனையாளர்கள் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ரஸ்ஸலின் எழுத்தில் குறையே சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் அவர் வாழ்ந்த ஊரோடும் அரசியலோடும் சேர்த்துக் காட்டுவார். நம் பக்கத்துக்கு ராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவம், 1923இலும் 1927இலும் வந்த இரண்டு பாகங்கள். (அவர் எம்.ஏ. படித்த கிறித்தவக் கல்லூரி அந்தக் காலத்தில் நம் பாரிமுனைப் பக்கம்தான் இருந்தது. 1937இல்தான் தாம்பரம் போனது.) அது ரிக் வேதப் பாடல்களில் தொடங்கும். ஒன்றே பாகத்தில் போதும் என்றால் ஹிரியண்ணா 1932இல் எழுதியது இருக்கிறது. எனக்கு அது இன்னும் தெளிவாகப் பட்டது.

இரண்டாவது வழி, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதை யார் யார் எப்படிக் கையாண்டார்கள் என்று காலம் காலமாகப் பின்தொடர்வது. நான் இதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேறு வழிகளும் இருக்கின்றன. யூடியூப் உரைகள் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் பேசுகிறவர் சொன்ன முடிவு நினைவில் நிற்கிற அளவுக்கு, அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பது நிற்பதில்லை. ஆசிரியர் ஒருவரின் மூலநூலில் நேராக இறங்குவது நல்லதுதான், பிளேட்டோவின் சின்ன உரையாடல்களில் அது முடியும். கடினமான எழுத்துக்குப் பேர்போன ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டில் ஆரம்பிப்பவர்கள் பாவம். தொலைநிலைக் கல்வியில் பட்டமாகவே படிப்பதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதில் சேர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவனிடம் கேட்டதோடு சரி. பரீட்சை தேதி இருப்பதால் படிப்பு நகர்கிறது என்றான்.

என் கேள்வி, அந்தச் சீனியர் கேட்டதேதான். எதை வைத்துச் சொல்கிறாய்? நம் மரபில் இதற்குப் பெயரே இருக்கிறது: அளவை, அதாவது ஒன்றை அறிவதற்கான வழி. வடமொழியில் பிரமாணம். மணிமேகலையின் 27ஆவது காதை முழுக்க இதுதான். வஞ்சி நகரில் மணிமேகலை சமயக் கணக்கர் எனப்படும் சமய ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அறிவதற்கான வழிகள் வியாசர், கிருதகோடி, சைமினி என்ற ஆசிரியர்களுக்கு முறையே பத்து, எட்டு, ஆறு என்று எண்ணிக்கொடுக்கிறான். பிறகு சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் எல்லோரும் வந்து, கடைசியில் பூதவாதி. தாதகிப் பூவும் கருப்பட்டியும் கலந்து ஊறும்போது போதை பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது, கண்ணால் காண்பது தவிர மற்றது எதுவும் நிற்காது என்கிறான் அவன். நான் சீனியரிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதையேதான்.

மணிமேகலை சிரித்துக்கொண்டு அவனிடம் கேட்கும் கேள்வி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அனுமானத்தை, அதாவது கண்டதை வைத்துக் காணாததை அறிவதை, ஒப்புக்கொள்ளாவிட்டால், உன் அப்பா அம்மா யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? பிறந்ததை நானும் பார்க்கவில்லை, என் பிறப்புச் சான்றிதழை எழுதிய குமாஸ்தாவும் பார்க்கவில்லை.

இந்த ஒரு இடத்திலிருந்து நூல் பிடித்து எந்தப் பக்கமும் போகலாம். காட்சி, அதாவது புலன்களால் நேரே அறிவது, மட்டும் போதும் என்கிறது மறுமையை மறுத்த சார்வாகம். காட்சியும் அனுமானமும் என்று இரண்டு வைக்கிறார் பௌத்தரான திக்நாகர். மற்றத் தத்துவப் பள்ளிகளில் சாங்கியத்துக்கு மூன்று, நியாயம் என்ற தர்க்கப் பள்ளிக்கு நான்கு, பாட்ட மீமாம்சைக்கும் அத்வைதத்துக்கும் ஆறு. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் ஏன் ஒன்றைக் கூட்டினார், இன்னொருவர் ஏன் வெட்டினார் என்று பார்த்துக்கொண்டே போனால் அந்தந்தத் தத்துவத்தின் முழு உடம்பும் பின்னால் வந்துவிடும்.

எல்லோரும் எடுக்கும் உதாரணம் ஒன்றுதான். மலையில் புகை தெரிகிறது, எனவே அங்கே நெருப்பு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் பதினாறு தரிசனங்களை, அதாவது தத்துவப் பள்ளிகளை, தொகுத்து எழுதிய நூல் சார்வாகரில்தான் தொடங்குகிறது. அதில் சார்வாகர் கேட்பது: புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு இருக்கும் என்கிறாயே, எல்லாப் புகையையும் பார்த்துவிட்டாயா? நியாயக்காரர்கள் இதற்குப் பதிலாகக் கட்டியதுதான் தர்க்கத்தின் பெரும்பகுதி. புகை இருந்தால் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு இருந்தால் புகை இருந்தாக வேண்டியதில்லை என்பதற்கு அவர்கள் காட்டுவது பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டை. நெருப்பு புகைய வேண்டுமானால் விறகில் ஈரம் இருக்க வேண்டும். இப்படிக் கூடுதலாக வேண்டியிருக்கும் நிபந்தனையை, இங்கே அந்த ஈரத்தை, 'உபாதி' என்கிறார்கள். இதைப் படித்த வாரம் எனக்கு சி ஷிப்ட். விடிகாலை வெளியே வந்தால் ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் உயரச் சிம்னியில் புகையே இல்லாமல் தீ மட்டும் நாக்கு நீட்டி ஆடுகிறது. இன்னொரு பக்கம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுத் திசையில் எங்கும் தீ கண்ணுக்குத் தெரியாமல் புகை மட்டும் படர்ந்து நிற்கிறது. மார்கழியாக இருந்தால் அது புகையா மூட்டமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சந்தேகத்துக்கும் நியாய நூல்களில் இடம் இருக்கிறது: ஆவியைப் புகை என்று எண்ணி நெருப்பை ஊகிப்பவனை அவர்கள் மறக்கவில்லை.

அதே கேள்வியோடு மேற்கே போனால் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம். 1748இல் வந்த நூலில், நாளை சூரியன் உதிக்கும் என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம், இதுவரை உதித்தது என்ற பழக்கத்தைத் தவிர, என்று கேட்கிறார். கேள்வி கேட்காமல் நம்பும் உறக்கத்திலிருந்து தன்னை எழுப்பியவர் ஹ்யூம்தான் என்று கான்ட் 1783இல் எழுதினார். ரஸ்ஸல் 1912இல் எழுதிய சிறு நூலில் ஒரு கோழி வருகிறது. தினமும் தீனி போட்ட கையே ஒருநாள் அதன் கழுத்தைத் திருகுகிறது. அதுவரை அந்தக் கோழி செய்த அனுமானத்தில் என்ன தவறு? எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் கூண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

சுவை என்று பார்த்தால் இரண்டு வழியிலும் இருக்கிறது. செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவுசெய்தது ஒன்றுதான்: இடையில் விட்டுப்போனால் திரும்பி வர முடியுமா?

வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவன் கண்டிப்பாக இடையில் விடுவான். ஷிப்ட் மாறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஊரில் ஒரு கல்யாணம், ஆலையில் வருடாந்திரப் பராமரிப்பு வந்தால் இருபது நாள் ஓவர்டைம். ரஸ்ஸல் புத்தகத்தை நான் மூன்று முறை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் அரிஸ்டாட்டில் அருகே வரும்போது ஒரு மாத இடைவெளி விழுந்தது. திரும்பி வந்தால் பார்மெனிடிஸ் என்ன சொன்னார், பிளேட்டோ அவருக்கு என்ன பதில் சொன்னார் என்பது கலைந்துபோயிருக்கும். அது தெரியாமல் அரிஸ்டாட்டில் புரியாது. எனவே மறுபடி முதலிலிருந்து. என் பிரதியைக் கையில் எடுத்தால் தெரியும்: அரிஸ்டாட்டில் வரைக்கும் விளிம்பு கறுத்து, மூலை மடங்கி, பென்சில் கோடுகளோடு இருக்கும். அதற்குப் பிறகு புதுத்தாள். தேலீஸ் எல்லாம் நீரால் ஆனது என்றார் என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கேள்வி வழியில் இந்தச் சிக்கல் இல்லை. கேள்வி ஒன்றுதான் என்பதால் அதை மறக்க முடியாது; தெருவில் புகையைப் பார்த்தாலே வந்துவிடும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாலும் யாராவது ஒருவரைத் திறந்து, இவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஹ்யூமை மறந்துபோய் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தியைப் படித்தாலும் படிப்பு நஷ்டமாவதில்லை. அவர் சொல்லும் பதில், புகை நெருப்பிலிருந்து பிறந்தது என்ற காரண உறவுதான் அனுமானத்தைத் தாங்குகிறது என்பது, ஹ்யூமை மறுபடி தேடி எடுக்க வைக்கும். மெட்ரோவில் தண்டையார்பேட்டையிலிருந்து விம்கோ நகர் போகிற நேரத்துக்கு இரண்டு பக்கம் போதும்.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கருத்தைத் தனி அலகாக எடுத்து நூற்றாண்டுகள் நெடுகத் தொடர்வதை அமெரிக்கச் சிந்தனை வரலாற்றாளர் ஆர்தர் லவ்ஜாய் 1936இல் வந்த தன் நூலில் ஒரு முறையாகவே நிலைநாட்டினார். இங்கிலாந்து வரலாற்றாளர் குவென்டின் ஸ்கின்னர் 1969இல் அதைக் கடுமையாக மறுத்தார். காலம் கடந்து நிற்கும் ஒரே கேள்வி என்று எதுவும் இல்லை, அந்தந்த ஆசிரியர் தன் காலத்தில் யாரோடு வாதாடினார் என்று பார்க்காவிட்டால் நம் கேள்வியை அவர் வாயில் திணிப்போம் என்பது அவர் வாதம். அது உண்மை, எனக்கே நடந்திருக்கிறது. சார்வாகரும் ஹ்யூமும் ஒரே ஆள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சார்வாகரின் குறி மறுமையும் வேள்வியும். அனுமானத்தை உடைத்தால் அவை தானாக விழும். ஹ்யூமோ அனுமானம் இல்லாமல் யாரும் வாழ முடியாது என்று ஒப்புக்கொண்டு, அது எதில் நிற்கிறது என்று தேடுகிறவர். இந்த வித்தியாசம் புரிய வரிசைப் புத்தகம்தான் உதவியது. ஆக ரஸ்ஸலும் ஹிரியண்ணாவும் என்னிடம் இன்னும் இருக்கிறார்கள், அகராதி பார்ப்பதுபோலப் புரட்டிக்கொள்கிறேன். தினக்காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு நீளக் கோடு போட்டு, படித்தவர்களை நூற்றாண்டு பார்த்துக் குறித்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

எந்தக் கேள்வி என்பது அவரவர் பாடு. நிலையாமை என்று எடுத்தால் திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டிருக்கும் பட்டினத்தாரில் தொடங்கி எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகிறது என்ற பௌத்தரின் கணபங்கத்துக்கும், ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்ற ஹெராக்ளிட்டஸுக்கும் போகலாம். உங்களை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாதவர்களுக்கு வரிசை வழியே நல்லது. தினமும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

வியாசர்பாடியில் அப்படி ஒருவர் இருக்கிறார், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். பகல்நேர ஆபீஸ் வேலை, இரவு ஒன்பது முதல் பத்து வரை படிப்பு, ஆறு வருடமாக வரிசை தப்பவில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் என் காலண்டர் அட்டையைப் பார்த்தார். தர்மகீர்த்தி ஏழாம் நூற்றாண்டு, அடுத்து மாதவர் பதினாலு, அப்புறம் நேராக ஹ்யூம். "இங்க என்னப்பா இவ்வளவு காலியா கெடக்கு?" என்று விரலை வைத்தார். பஞ்சில் தீ பட்டால் எரிவதை நாம் பார்க்கிறோம், தீயால்தான் எரிந்தது என்பதைப் பார்க்கவில்லை என்று இஸ்லாமியச் சிந்தனையாளர் கஸாலி 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருப்பதையும், அடுத்த நூற்றாண்டில் இன்னொரு இஸ்லாமியத் தத்துவவாதி இப்னு ருஷ்த் அதற்கு மறுப்பு எழுதியதையும் சொன்னார். ஹ்யூமுக்கு அறுநூறு வருடத்துக்கு முன்னால். நாலு வருடம் புகையையும் நெருப்பையும் பின்தொடர்ந்தும் எனக்குத் தெரியாமல் போன பெயர். பேனாவை வாங்கி இரண்டு பெயரையும் அவரே எழுதினார். இந்த மாதம் பி ஷிப்ட், காலையில் நேரம் இருக்கிறது. கஸாலியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.