கண்ணாடிக்கு நடுவே நடந்த எறும்பு

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் ஒரே ஒரு கண்ணாடியை மாற்றப் போய் 27,500 ரூபாய் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தவர்களிலேயே கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் நாலைந்து பேர் டபுள் கிளாஸ் ஜன்னல், அதாவது நடுவில் இடைவெளி விட்டு ரெண்டு கண்ணாடி ஒட்டிய ஜன்னல், போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கண்ணாடிக்குள்ளும் ஒருநாள் பனி பூக்கத்தான் போகிறது. அன்றைக்கு யாரையாவது கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் போதும்.

2016-இல் அண்ணன் கத்தாரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய வீடு. அம்மாவுக்குத் தூக்கம் ரொம்ப லேசு. ராமேஸ்வரம் போகிற சுற்றுலா பஸ்ஸும் மீன் லாரியும் ராத்திரி முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போகும். அதனால் ரோட்டைப் பார்த்த அம்மாவின் அறைக்கு மட்டும் டபுள் கிளாஸ் போட்ட யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல் வைக்கச் சொன்னார் அண்ணன். நாலடிக்கு நாலடி. பாதி திறக்கும், பாதி திறக்காது. "காசைக் கொண்டுபோய் கண்ணாடியில கொட்டுறான்" என்று புலம்பிய அம்மாதான், குடிவந்த ரெண்டாம் நாளே விடிய விடியத் தூங்கினார்.

2024 தை மாதம், திறக்காத பாதியில் கீழ் ஓரமாக வெண்மையாகப் படர ஆரம்பித்தது. வெளியே துடைத்தேன், உள்ளே துடைத்தேன், போகவில்லை. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் புகுந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. காலையில் பனி மாதிரி இருக்கும், மத்தியானம் வெயில் ஏறினால் மறையும், சாயந்தரம் திரும்ப வரும்.

ராமநாதபுரத்தில் விசாரித்து ஒரு கடைக்காரரைப் பிடித்தேன். நல்ல மரியாதையான பேச்சு. வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி மட்டும் மாத்த முடியாது சார். ஃபிரேமுக்கே ஆயுசு முடிஞ்சுபோச்சு. கடல்காத்து பாருங்க, எல்லாம் இத்துப்போச்சு" என்றார். எட்டு வருஷத்தில் யுபிவிசி இத்துப்போகுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நம் ஊரில் கடல்காற்று என்று சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. என் ஜன்னல் எம்மாத்திரம்?

முழு ஜன்னலுக்கும் 27,500 ரூபாய் என்று எழுதினார். 5-12-5, டஃபன்டு கிளாஸ் (உறுதி ஏற்றிய கண்ணாடி), கூலி உட்பட. அதாவது அஞ்சு எம்எம் கண்ணாடி, நடுவில் 12 எம்எம் இடைவெளி, மறுபடி அஞ்சு எம்எம் கண்ணாடி. எழுதியது ஒரு துண்டுச்சீட்டில், மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. பில் கேட்டதற்கு, "பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். 20,000 அட்வான்ஸ் அனுப்பினேன். போனில் வேறொருவர் பெயர் காட்டியது. "மச்சான் நம்பர் சார்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

"எப்ப சார் வேலையை வச்சுக்கலாம், நாளைக்கே?" என்று கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையில் அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டபுள் கிளாஸ் என்பது அளவு கொடுத்து, பட்டறையில் செய்து, ஒட்டு காய்ந்து வர வேண்டிய சாமான். அதற்கு நாள் ஆகும். நாளைக்கே மாட்டுகிறேன் என்றால் என்னத்தைக் கொண்டுவந்து மாட்டுவார்?

ஆவணியில் வந்தார்கள், அவரும் கூட ஒரு பையனும். பழைய ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். "ஸ்கிராப்புக்கு 500 கழிச்சுக்கறேன்" என்றவர் கடைசியில் அதையும் கழிக்கவில்லை. அப்புறம் வராண்டாவில் பாயை விரித்து, கண்ணாடியைப் படுக்க வைத்து, அளவுகோலைப் பிடித்து, கண்ணாடி வெட்டும் கட்டரால் 'க்ரீச்' என்று ஒரு கோடு போட்டு, தட்டி உடைத்தார். "எல்லாம் உங்க கண் முன்னாடியே செய்யறோம் சார், ஒளிவுமறைவே கிடையாது." அலுமினியப் பட்டையை நாலு பக்கமும் வைத்தார், மேலே இன்னொரு கண்ணாடியைக் கவிழ்த்தார், சுற்றிலும் சிலிக்கான் பசையைப் பிதுக்கினார். கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பையன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இதில் ரெண்டு விஷயம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. டஃபன்டு கிளாஸை யாராலும் அறுக்க முடியாது. அளவுக்கு வெட்டிய பிறகுதான் உலையில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து அதற்கு உறுதி ஏற்றுவார்கள். ஏற்றிய பிறகு கோடு போட்டு உடைக்கப் பார்த்தால் மொத்தக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். என் கண் முன்னாலேயே அறுபட்டது என்றால் அது சாதாக் கண்ணாடி. 27,500 ரூபாய் மோசடிக்கு நானே சாட்சியாக நின்று, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரெண்டாவது, அந்தச் சிலிக்கான். ஒரு வாரம் அறை முழுக்கப் புளித்த வாடை. "ஊறுகா ஜாடிய திறந்துவச்ச மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் மீன் தொட்டி ஒட்டுவதற்குச் சரி. டபுள் கிளாஸ் ஓரத்துக்கு ஆகாது, பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூ இருந்தால் அதையும் அரிக்கும். அதோடு, சிலிக்கான் தண்ணீரைத்தான் தடுக்கும், ஈரக்காற்றை உள்ளே விட்டுவிடும். ஈரத்தைத் தடுக்க பியூட்டைல் என்று ஒரு கறுப்பு ஒட்டு உள்வரிசையில் இருக்க வேண்டும். அந்த அலுமினியப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்க வேண்டும், பார்க்கக் கசகசா மாதிரி இருக்கும். எங்கள் ஜன்னலில் ரெண்டும் கிடையாது.

முதல் ராத்திரியே லாரிச் சத்தம் பழையபடி கேட்டது. "பழகிரும் சார்" என்றார் போனில். சத்தம் பழகுவதற்கா காசு கொடுத்தேன்? ரெண்டு மாதத்தில் ஸ்க்ரூ தலைகளிலிருந்து வெள்ளைச் சட்டத்தில் துரு கோடு கோடாக வழிந்தது. எவர்சில்வர் ஸ்க்ரூ என்று சீட்டில் எழுதியிருக்கிறது. கடற்கரையில் எவர்சில்வரிலேயே 304 என்ற ரகம் கொஞ்சம் கறை பிடிக்கும், 316 ரகம்தான் தாங்கும். இவர் போட்டது முலாம் பூசிய இரும்பு.

அப்புறம் 2024 நவம்பர் 20. அன்றைக்கு ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் பக்கமும் ஊரே மிதந்தது. வாடைக்காற்றோடு மழை நேராக வடக்கு ஜன்னலில் அறைந்தது. சாயந்தரம் அம்மாவின் மெத்தையின் தலைமாட்டுப் பக்கம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ஜன்னல் சட்டத்தின் கீழ்க்குழியில் தேங்கிய தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறச் சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னதாக நீள ஓட்டைகள் இருக்கும். அந்த மனுஷன் 'ஓட்டை இருந்தா ஒழுகும்' என்று நினைத்தாரோ என்னவோ, அத்தனையையும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்.

போன் செய்தேன். "நாளைக்கு வரேன் சார்." மறுநாளும் அதே பதில். ஒரு வாரத்துக்குப் பிறகு மணி அடிப்பதே நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் அவர் படம் மறைந்துபோனது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அம்மா கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. எறும்பு கண்ணாடிக்குள்ள நடக்குது."

முதலில் எனக்குப் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில், பனி பூத்திருந்த இடத்தில், ஒரு சித்தெறும்பு நீர்த்துளிகளைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே, காலை வெயில் சாய்வாகப் பட்டதில், முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை. அதுவும் நடுவில்தான். அந்தப் பையனுடையதாக இருக்கலாம். முனையைப் பிடித்தது நான் என்பதால் என்னுடையதாகவும் இருக்கலாம். எறும்பு புகுந்த வழியில் கடல்காற்று புகாதா?

மாசியில் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். அதிகம் பேசாத ஆள். பையிலிருந்து ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். கீழே விழுந்தது. "நல்ல யுபிவிசி ஃபிரேமுக்குள்ள இரும்புக் கம்பி ஓடும் சார், காந்தம் பிடிக்கும். இது வெறும் கூடு." சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரலை விட்டு நோண்டினார். வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் வந்தது. அங்கே நுரை அடைத்திருக்க வேண்டுமாம். சத்தம் வந்த வழி அது. கண்ணாடியைக் கழற்றி ஓரத்தில் டேப் வைத்துப் பார்த்தார். எழுதியிருந்த கணக்குக்கு 22 எம்எம் வர வேண்டும். இருந்தது 16. ஒரு மூலையில் சிலிக்கானைக் கீறிப் பட்டையைத் தட்டினார், ஒன்றும் உதிரவில்லை. "டஃபன்டுன்னா மூலையில அழியாத முத்திரை இருக்கும்" என்று நாலு மூலையையும் எனக்குக் காட்டினார். மொட்டையாக இருந்தது.

அவர் சொன்னதில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பழைய ஜன்னலின் படம் போனில் இருந்தது, காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் சார் கழட்டுனீங்க? ஃபிரேம் நல்லாத்தானே இருக்கு" என்றார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டை உள்பக்கம் நாலு பக்கமும் சொருகித்தான் இருக்கும். அதை நெம்பி எடுத்து, கெட்ட கண்ணாடியை வெளியே எடுத்து, அதே நீள அகலத்துக்கும் அதே கனத்துக்கும் ஒன்று செய்துவரச் சொல்லி, அடியில் கட்டைகள் வைத்துத் திரும்ப மாட்டினால் முடிந்தது. ஒரு மணி நேர வேலை. திறக்காத பாதி மட்டும்தான் கெட்டிருந்தது என்பதால் வண்டி வாடகை சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்றார். அதற்குப் பதிலாக அந்தக் கடைக்குப் போன 27,500-உம், முழு ஜன்னலையும் முறையாகத் திரும்பப் போட ஆன 24,800-உம் சேர்த்து 52,300 செலவானது.

பழைய கண்ணாடி எட்டு வருஷத்தில் ஏன் கெட்டது என்றும் கேட்டேன். படத்தில் ஓட்டைகளைக் காட்டினார், மணல் அடைத்திருந்தது. தண்ணீர் வடியாமல் கண்ணாடியின் அடி ஓரம் மழைக்காலம் முழுக்க ஊறினால் எவ்வளவு நல்ல ஒட்டும் விட்டுவிடுமாம். இதில் கடைக்காரர் மேல் குற்றமில்லை, எங்கள் மேல்தான். இப்போது ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஓட்டைகளைக் குத்திவிடுகிறோம். உங்கள் வீட்டில் இதுபோன்ற ஜன்னல் இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

புகாருக்கு வருகிறேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பேசினேன், பதிவு செய்தார்கள், கடைக்காரர் பதிலே தரவில்லை. அப்புறம் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, படங்கள். முறையான பில் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். 18 பர்சென்ட் மிச்சம் பிடிக்கப் போய் என் கையை நானே கட்டிக்கொண்டேன். "அது என் கடை சீட்டே இல்லை" என்று அவர் சொன்னால், மச்சான் நம்பருக்குப் போன பணத்தை வைத்துத்தான் நான் வாதாட வேண்டும்.

இதற்குள் ஒருநாள் தெரிந்தவர் மூலமாக 5,000 தருகிறேன், மனுவை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள் என்று ஆள் விட்டார். வாங்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "மெத்தைக்குக்கூடக் காணாதே" என்றார்.

ரெண்டு வாய்தா முடிந்துவிட்டது, அவர் வரவில்லை. கழற்றிய கண்ணாடியைச் சான்றுக்காக அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் பிரித்துப் பார்த்தேன். பனி அப்படியே இருக்கிறது. கைரேகை இருக்கிறது. எறும்பும் ஒரு மூலையில் காய்ந்துபோய்க் கிடக்கிறது.